சால்வென்ட் சரியாக வரவில்லையா? கெட்டிலைத் திட்டும் முன் டிரம்மைப் பாருங்கள்

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். “அண்ணா, தூங்கிட்டியாண்ணா?” தூங்கியிருந்தால் எடுத்திருப்பேனா என்று கேட்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். “ரிசீவர்ல இன்னாவோ பால் மாதிரி வருதுண்ணா.”

ராணிப்பேட்டை சிப்காட்டில் சால்வென்ட் ரெக்கவரி, அதாவது பயன்படுத்திய கரைப்பானைக் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுப்பது, என் வேலை. அதற்கு முன்னால் வேலூரில் ஒரு கல்லூரி லேபில் உதவியாளனாக இருந்தேன். லேபில் சுழற்றி வடிக்கும் ஐந்நூறு மில்லி ரோட்டாவும் தெரியும், ஆலையில் காய்ச்சி வடிக்கும் இரண்டாயிரம் லிட்டர் கெட்டிலும் தெரியும். இரண்டிலும் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வாலைவடிக்கும் இடத்தில் பிறந்தவை அல்ல. பழைய சால்வென்டை யாரோ ஒரு கேனில் ஊற்றினார்களே, அந்த நிமிஷத்தில் பிறந்தவை. கெட்டிலில் தெரிகிறது, அவ்வளவுதான்.

இனி வருவது, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி. எந்தக் கோளாறானாலும் முதலில் ஹீட்டிங்கை நிறுத்துங்கள். கூலிங் தண்ணீரைக் கடைசியில் நிறுத்துங்கள். இதை மாற்றிச் செய்தவர்கள் பிறகு ஜன்னலைத் திறந்துகொண்டு ஓடியிருக்கிறார்கள்.

ரிசீவரில் பால் போலக் கலங்கி வருகிறது

தண்ணீர். வேறு எதையும் யோசிக்க வேண்டாம். (ரிசீவர் என்பது வடிந்ததைப் பிடிக்கும் பாத்திரம்.)

டொலுயீனை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கொதித்தால் 110.6 டிகிரி. தண்ணீர் கலந்திருந்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு 85 டிகிரிக்கு அருகிலேயே ஏறி வரும். அந்த ஆவியில் எடைக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். ஆவியைத் திரவமாக்கும் கன்டென்சரில் குளிர்ந்ததும் இரண்டும் பிரிய முயலும். பிரிந்து முடியாத நிலையைத்தான் நீங்கள் பால் என்கிறீர்கள். பத்து நிமிஷம் அசையாமல் விடுங்கள், அடியில் தண்ணீர் இறங்கும்.

ஆக, தலைப்பகுதித் தெர்மாமீட்டர் 85-இல் நிற்கும்வரை வருவதைத் தனி டிரம்மில் பிடியுங்கள். அடித்தண்ணீரை இறக்கிவிட்டு மேலடுக்கை அடுத்த பேட்சில் போடலாம். தண்ணீர் தீர்ந்ததும் சூடு கிடுகிடுவென 110-ஐ நோக்கி ஏறும், வரத்தும் கண்ணாடி போலத் தெளியும். அதற்கப்புறம் வருவதுதான் சரக்கு.

டிசிஎம் என்கிற டைகுளோரோமீத்தேனில் அடுக்கு தலைகீழ். அது தண்ணீரைவிடக் கனம், லிட்டருக்கு 1.33 கிலோ. தண்ணீர் மேலே மிதக்கும். டொலுயீனில் பழகிய கை, டிசிஎம் டிரம்மிலும் அடியைத் திறந்து நல்ல சரக்கை வேஸ்ட் லைனில் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். சந்தேகமாக இருந்தால் சாம்பிள் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எந்த அடுக்கில் போய்க் கலக்கிறது என்று பாருங்கள்.

தெளிவாக வந்தால் தண்ணீர் இல்லை என்றும் அர்த்தமில்லை. எத்தில் அசிடேட் தனக்குள் 3 சதவீதம் அளவுக்குத் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை போல நிற்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இன்னும் மோசம். 80 டிகிரியில் 12 சதவீதம் தண்ணீரோடு சேர்ந்தே வரும், எத்தனை முறை வடித்தாலும் அதே 12. ஆவி ஏறும் கோபுரத்தை உயர்த்தினாலும் மாறாது. அங்கே தண்ணீரை மட்டும் பிடித்துக்கொள்ளும் 3ஏ மாலிக்யூலர் சீவ்தான் வழி. கால்சியம் குளோரைடைக் கொட்டாதீர்கள். அது ஆல்கஹாலையே பிடித்துவைத்துக்கொள்ளும். தண்ணீரை அளக்கும் கார்ல் ஃபிஷர் கருவி இல்லாத லேபில், வறுத்து வெளுத்த காப்பர் சல்பேட் ஒரு சிட்டிகை போடுங்கள். நீலமானால் தண்ணீர் இருக்கிறது.

தெர்மாமீட்டர் சரி, டென்சிட்டி சரி, ஆனால் ரியாக்‌ஷன் கெட்டுப்போகிறது

இதுதான் என்னை அதிகம் அலையவிட்ட கோளாறு. அசிட்டோன் ரெக்கவரி. தலைச்சூடு ஐம்பத்தைந்தரை டிகிரி, ஹைட்ரோமீட்டரில் 0.79, நிறமில்லை, கலங்கலில்லை. புரொடக்‌ஷன்காரர்கள் மட்டும் மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே மெத்தனால். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். 12 சதவீதம் மெத்தனால் சேர்ந்தால் இரண்டும் ஒன்றாக 55.5 பக்கத்தில் வரும், பிரியாது. வித்தியாசம் அரை டிகிரி. நம்ம வேலூர்ப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்கு மேலே இருப்பதால் சுத்தமான அசிட்டோனே இங்கே அரை டிகிரி குறைவாகத்தான் கொதிக்கும். அதாவது தெர்மாமீட்டர் இந்த விஷயத்தில் குருடு. ஹைட்ரோமீட்டரும் குருடு, அசிட்டோனுக்கும் மெத்தனாலுக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றேதான், இரண்டும் 0.79.

ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் காட்டிக்கொடுக்கும். சுத்த அசிட்டோன் 20 டிகிரியில் 1.359, மெத்தனால் 1.329. மூன்றாவது தசமத்தில் குறைந்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் கலந்தாலும் அந்த எண் மாறும் என்பதால் காப்பர் சல்பேட்டையும் சேர்த்துப் பாருங்கள். கலவையைப் பிரித்துக் காட்டும் ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃப்) இருந்தால் ஒரே ஊசியில் முடிந்தது.

சரிசெய்வது எப்படி? பெரிய ஆலையில் கோபுரத்தின் மேல்பக்கம் தண்ணீர் விட்டுக்கொண்டே வடித்து, மெத்தனாலைத் தண்ணீரோடு கீழே இழுத்துவிடுவார்கள். நம்மிடம் அந்த வசதி கிடையாது. நான் செய்தது வேறு. டிரம்கள் எந்த வழியாக வந்தன என்று போய்ப் பார்த்தேன். இரண்டு ரியாக்டருக்கு நடுவே ஒரே ஒரு நீல டிரம். இந்தப் பக்கம் அசிட்டோன் கழுவல், அந்தப் பக்கம் மெத்தனால் கழுவல். மத்தியான ஷிப்டில் இருந்த பையன் நல்ல எண்ணத்தில், பாதி காலியாக இருக்கிறதே என்று இரண்டையும் அதிலேயே விட்டிருக்கிறான். இன்னொரு டிரம் வைத்தோம், சிவப்புப் பெயின்ட் அடித்து. கோளாறு தீர்ந்தது. கெட்டிலில் ஒரு நட்டைக்கூடத் திருகவில்லை.

இதே வகையில் கவனிக்க வேண்டிய இன்னொரு ஜோடி அசிட்டோனும் குளோரோஃபார்மும். இரண்டும் சேர்ந்தால் 64 டிகிரிக்கு மேலே போய்க் கொதிக்கும், தனித்தனியாக இருப்பதைவிட அதிகம். அதில் காஸ்டிக் கொஞ்சம் விழுந்தால் பிரிப்பது பற்றிய பேச்சே இல்லை, தானாகச் சூடேறிப் பீறிடும். குளோரின் உள்ள சால்வென்டுக்கு எப்போதும் தனி கேன்.

போட்டது இருநூறு கிலோ, கிடைத்தது நூற்றைம்பது

முதலில் கணக்கு. உள்ளே போனது, வெளியே வந்தது, அடியில் நின்றது, மூன்றையும் எடை போடுங்கள். லிட்டரில் அளக்காதீர்கள், சூட்டில் கன அளவு ஏமாற்றும். கணக்கில் விழாதது காற்றில் போயிருக்கிறது.

எங்கள் ஊருக்கு வெயிலூர் என்றே ஒரு பெயர் உண்டு. கத்திரி வெயிலில் கூலிங் டவர் தண்ணீர் 32 டிகிரிக்குக் கீழே வராது. டொலுயீனுக்கு அது போதும். டிசிஎம் 40 டிகிரியிலேயே கொதிப்பது. 32 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் முக்கால் வளிமண்டலம். கன்டென்சரைத் தாண்டி வென்ட் எனும் வெளியேற்றுக் குழாயில் போகும் காற்றில் முக்கால்வாசி டிசிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லர் போட்டு 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அது கால்வாசிக்கு இறங்கும். சில்லர் இல்லையென்றால் டிசிஎம் பேட்சை விடியற்காலை நான்கு மணிக்குப் போடுங்கள். ரிசீவரையும் ஐஸ் தொட்டியில் வையுங்கள். பிடித்த சரக்கு ரிசீவரிலிருந்தே ஆவியாவதை யாரும் யோசிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி வந்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். டிசிஎம் உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். ஆளை வெளியே கூட்டிப்போங்கள்.

டிசிஎம் இல்லாத பேட்சிலும் நஷ்டம் என்றால் கன்டென்சரைக் கழற்றிப் பாருங்கள். பாலாற்றுப் பக்கத்து போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இங்கே வீட்டில் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உப்பு, சுண்ணாம்பு. ஒரு வருஷம் ஓடிய எங்கள் கன்டென்சர் குழாயைத் திறந்தபோது, விரல் நுழையும் குழாயில் பென்சில்தான் நுழைந்தது. மீதியெல்லாம் வெள்ளைக் காரை, நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஐந்து சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலை வெதுவெதுப்பாகச் சுற்றவிட்டோம். முதல் கால் மணிநேரம் சோடா போல நுரைத்தது. நுரை அடங்கியதும் புதுக் கரைசல், மறுபடி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும், ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலையும் சேர்த்துத் தின்னும். அவசரப்படாதீர்கள்.

காரை படிந்திருக்கிறதா என்று கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். தண்ணீர் உள்ளே போகும் சூட்டையும் வெளியே வரும் சூட்டையும் தினமும் நோட்டில் எழுதுங்கள். ஓட்டம் குறையாமலே வித்தியாசம் மாதாமாதம் சுருங்கினால் காரை, வெப்பம் தண்ணீருக்கு ஏறவில்லை. வித்தியாசம் பெருகினால் ஓட்டம் குறைகிறது. பம்ப்பையும் ஸ்ட்ரெய்னரையும் பாருங்கள்.

கரண்ட் போனது, ஆனால் கொதிப்பது நிற்கவில்லை

ஹீட்டர் அணையும், பம்ப்பும் அணையும். கெட்டிலைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் இருக்கும் சூடான ஆயில் மட்டும் யாரையும் கேட்காமல் இன்னும் அரைமணி நேரம் கொதிக்கவைக்கும். குளிர்விக்கத் தண்ணீர் இல்லாததால் ஆவி முழுக்க வென்ட் வழியாக வெளியே. ஒருமுறை ஜெனரேட்டர் எடுக்காமல் போய், நான் டார்ச்சோடு நின்றபோது தரையை ஒட்டிப் புகைபோல நகர்ந்ததைப் பார்த்தேன். சால்வென்ட் ஆவி காற்றைவிடக் கனம், தரையில்தான் ஊரும். அந்த டார்ச் தீப்பொறி தட்டாத வகையைச் சேர்ந்ததா என்று யோசித்தது வீட்டுக்குப் போன பிறகுதான்.

மேல்தொட்டி ஒன்று, அதிலிருந்து பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் லைன் ஒன்று, கரண்ட் போனால் தானே திறக்கும் வால்வு ஒன்று. ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு ஆகும் செலவு ஒரு டிரம் சரக்கின் விலைகூட இருக்காது.

குதிக்கிறது, நுரைக்கிறது, மஞ்சளாக வருகிறது

மூன்றும் ஒரே குடும்பம். கெட்டிலில் இருப்பது ஆவியாக ஏறாமல் திரவமாகவே தாவி ரிசீவருக்கு வந்துவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பியிருந்தால் குறையுங்கள். நுரைத்தால் சூட்டைக் குறைத்து, சிலிக்கான் ஆன்டிஃபோம் சில சொட்டு. லெதர் கம்பெனியிலிருந்து வரும் சரக்கில் சோப்பு வகை ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

லேபில் குதித்தால், கொதிப்பைச் சீராக்கும் பாயிலிங் சிப்ஸ் போட மறந்திருப்பீர்கள். மறந்தது நினைவுக்கு வந்ததும் சூடான ஃபிளாஸ்கில் போட்டுவிடாதீர்கள், அப்படியே மேலே பீறிடும். ஆறவிட்டுப் போடுங்கள். நேற்றுக் கொதித்து ஆறிய சிப்ஸ் இன்று வேலை செய்யாது, அதன் துளைகளில் திரவம் நிறைந்திருக்கும்.

தின்னர் வடிக்கிறோம், அடியில் பிசின் ஒட்டுகிறது

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் லெதர் ஃபினிஷிங் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ஸ்ப்ரே கன் கழுவிய தின்னரில் பியூட்டைல் அசிடேட்டும், டொலுயீன், சைலீன் போன்றவையும் இருக்கும். கூடவே லாக்கர். அந்த லாக்கர் நைட்ரோசெல்லுலோஸ் வகை என்றால் உங்கள் கெட்டிலின் அடியில் ஒட்டியிருப்பது வெறும் பிசின் அல்ல. நைட்ரோசெல்லுலோஸை விற்பவர்களே ஆல்கஹாலிலோ தண்ணீரிலோ நனைத்துத்தான் அனுப்புவார்கள், காய்ந்தால் அது எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்ததால். நீங்களோ கடைசிச் சொட்டு தின்னருக்கு ஆசைப்பட்டு அதைச் சூடான தகட்டின்மேல் காயவைக்கிறீர்கள். குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் அது தானே சிதையும், அந்தச் சிதைவே இன்னும் சூட்டைக் கிளப்பும். காற்றை அடைத்து அணைக்கலாம் என்றாலும் முடியாது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது.

என்ன செய்வது? லாக்கர் டப்பாவின் பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள். நைட்ரோசெல்லுலோஸ் என்று இருந்தால், அந்தக் கெட்டில் அதற்காகவே செய்யப்பட்டதா என்று தயாரித்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வடிக்கவே வேண்டாம், டிரம்மோடு அனுமதி பெற்ற ரீசைக்கிளரிடம் கொடுங்கள். அதற்கென்றே செய்த கெட்டிலானாலும் வாக்குவத்தில், குறைந்த சூட்டில் வடியுங்கள். பியூட்டைல் அசிடேட் சாதாரணமாக 126 டிகிரி கேட்பது. அடியில் கால் பங்கு திரவமாக இருக்கும்போதே நிறுத்துங்கள். அதைக் காயவிடாமல் ஈரமாகவே டிரம்மில் இறக்குங்கள். ஒட்டியதை இரும்புக் கரண்டியால் சுரண்டவே கூடாது.

பாலியூரித்தேன், அக்ரிலிக் பிசின் என்றால் இவ்வளவு பயம் வேண்டாம். வெதுவெதுப்பாக இருக்கும்போதே டிரம்மில் இறக்கிவிட்டால் ஒட்டாது. எதுவானாலும் அடியில் நின்றது அபாயகரக் கழிவு. 2016-ஆம் வருஷ விதிகளின் அட்டவணையில் 20.3 என்ற எண்ணிலேயே வாலைவடிப்பு எச்சம் இருக்கிறது. 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைக்கக் கூடாது. பின்பக்கம் குழிதோண்டுகிற யோசனையை யாராவது சொன்னால், வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளுக்கு என்ன சொன்னது என்று பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ரோட்டாவில் வாக்குவம் ஏறவே மாட்டேன் என்கிறது

கல்லூரி லேப்களுக்கு. குழாயில் மாட்டும் தண்ணீர் ஆஸ்பிரேட்டர் என்றால் சீல் மாற்றுவதற்கு முன்னால் தண்ணீரில் தெர்மாமீட்டர் வையுங்கள். 33 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தமே 50 மில்லிபார். அதற்குக் கீழே அந்தப் பம்ப்பால் இறங்க முடியாது, மே மாதத்தில் அதன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. டயஃபிரம் பம்ப் என்றால் ஃபிளாஸ்கைக் கழற்றி, பம்ப்பை மட்டும் அடைத்து அளவு பாருங்கள். அது சரியென்றால் ஒவ்வொரு மூட்டாக முன்னேறுங்கள். ரப்பர் டியூப் வளைகிற இடத்தில் முடியளவு வெடிப்பு இருக்கும். அங்கேதான் பெரும்பாலும் மாட்டும்.

குளிர்நீர் 20, ஆவி 40, குளியல் 60 என்பது பழைய கணக்கு. குளிர்நீரே 32 என்றால் மற்ற இரண்டும் அதே இடைவெளியில் மேலே போக வேண்டும், அல்லது ஐஸ் வாங்க வேண்டும்.

வந்த சரக்கில் புளித்த வாசனை

எத்தில் அசிடேட்டில் வினிகர் வாசனை வந்தால் அது உடைந்து அசிட்டிக் அமிலமாகியிருக்கிறது. அமிலம் சேர்ந்த தண்ணீரோடு சூடாக்கியதால் வந்த வினை. டிசிஎம் மூக்கைக் குத்தினால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சோடியம் பைகார்பனேட் கரைசலில் கழுவி, பிஎச் தாளில் பார்த்து, பிறகு வடியுங்கள். கழுவும்போது வாயு கிளம்பும், மூடியை அடைக்காதீர்கள். அடுத்த முறை வடிப்பதற்கு முன்னாலேயே கழுவிவிட்டால் கெட்டிலும் பிழைக்கும்.

பழைய டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃப்யூரான்), ஈதர்

இதில் கோளாறு பார்க்கும் வேலையே இல்லை. வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கிறதா என்று சோதனை செய்யாமல் சூடாக்கக் கூடாது. அமிலம் சேர்த்த பொட்டாசியம் அயோடைடு கரைசலோடு சம அளவு கலக்குங்கள். மஞ்சளானால் பெராக்சைடு, பழுப்பானால் நிறைய. மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிந்தால் திறக்கவே வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம், துறைத் தலைவரைக் கூப்பிடுங்கள்.

கேன் உப்பியிருக்கிறது

கல்லூரியில் இருந்தபோது ஒரு திங்கட்கிழமை காலை. லேபைத் திறந்தால் ‘வேஸ்ட்’ என்று மட்டும் எழுதிய இருபது லிட்டர் கேன், பலூன் போல வயிறு தள்ளி நிற்கிறது. மூடியின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ கசிகிறது. வெள்ளிக்கிழமை கடைசி பேட்ச் கண்ணாடி கழுவிய நைட்ரிக் அமிலத்தை, அசிட்டோன் இருந்த கேனில் ஊற்றியிருந்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கேன் வெடிக்காமல் இருந்தது மூடி சரியாகத் திருகப்படாததால் மட்டும்தான்.

உப்பிய கேனை நீங்கள் தூக்க வேண்டாம். ஆட்களை வெளியேற்றுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள், தீயணைப்புக்குச் சொல்லுங்கள்.

அந்த வாரம் ‘வேஸ்ட்’ என்ற லேபிளையெல்லாம் கிழித்துப் போட்டோம். அதற்குப் பதில் ஒவ்வொரு கேனின் கழுத்திலும் நூலில் ஓர் அட்டை, பக்கத்தில் கட்டிய பேனா. ஊற்றுகிறவர் என்ன, எவ்வளவு, தேதி, கையெழுத்து. பேனா முதல் மாதத்திலேயே நான்கு முறை காணாமல் போனது. ஐந்தாவது பேனாவைக் கம்பியில் கட்டினேன்.